அன்று இரவு மட்டும் தேய்க்க வேண்டாம்

வீட்டுக்கு யார் வந்தாலும் என் அக்கா முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைப் பார்ப்பாள். எனக்குக் கல்யாணம் பேசியபோது பெண் எப்படி என்று கேட்காமல், கடைவாய்ப் பல் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டவள். என் மனைவி இன்றும் அவள் முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

அக்கா பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டர் சொத்தைப் பல்லைக் குடைய, பிள்ளைகள் கத்த, இவள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பத்து வருடம் அதைப் பார்த்து அலுத்துப்போய், சொத்தை விழுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய் ஃபுளோரைடு பூசலாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வருடம் பார்ப்போம், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லித்தான் விட்டார்.

ஒன்றாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். ஒவ்வொருவரையும் சாய வைத்து, பஞ்சால் பல்லின் ஈரத்தை ஒற்றியெடுத்து, சின்ன பிரஷால் மஞ்சள் நிறப் பூச்சைத் தடவுவாள். சொத்தை விழப்போகிற பல்லில் முதலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு தெரியும். ஃபுளோரைடு அந்த இடத்தை மறுபடி இறுக வைக்கும். பிள்ளைகள் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சும்மா இல்லை, வகுப்பில் ஓர் அட்டை மாட்டினாள். இரவு பல் தேய்த்தால் ஒரு ஸ்டார். ஓர் இரவு விட்டாலும் அத்தனையும் போச்சு.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பதினொரு பேருக்குத் திட்டு பெரிதாகியிருந்தது. அதில் ஒருத்தி, ஓர் இரவுகூடத் தவறாமல் அட்டை முழுக்க ஸ்டார் வாங்கியிருந்த பெண். அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண்ணை மடியில் உட்கார வைத்து, பூச்சு போட்ட அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"பல்லெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. அம்மா உடனே தேய்ச்சுவிட்டாங்க. ராத்திரி நானும் தேய்ச்சேன். ஸ்டார் வேணும்ல?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பூச்சு மறுநாள் காலைவரையாவது பல்லில் இருக்க வேண்டும். அன்று ஓர் இரவு தேய்க்கக் கூடாது. அதை வீட்டாருக்குச் சொல்ல மறந்துவிட்டு, தேய்த்தே தீர வேண்டும் என்று ஸ்டார் வேறு கொடுத்திருக்கிறாள்.

இரண்டாம் முறை பூசியபோது வீட்டுக்குச் சீட்டு எழுதினாள். 'பூச்சு போட்ட அன்று இரவு பல் தேய்க்க வேண்டாம். மஞ்சள் நிறம் தானே போய்விடும். போன முறை இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.' கீழே கையெழுத்து. கடைசி வரி எதற்கு, இனி யார் நம்பி வாயைத் திறப்பார்கள் என்றார் டாக்டர். உனக்கு இது வேண்டாத வேலை என்று நானும் கத்தினேன். அவள் எங்கள் இருவரையும் காதில் வாங்கவே இல்லை. அன்று இரவு தேய்க்காத பிள்ளைக்கு இரண்டு ஸ்டார் என்று மட்டும் அட்டையில் சேர்த்தாள்.

வருடக் கடைசியில் டாக்டரே பள்ளிக்கு வந்தார். அன்று நான்தான் அக்காவை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வேலையைப் பார்க்கப் போக மனசு வராமல் வகுப்பு வாசலிலேயே நின்றேன். அவர் ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கைப் பிடித்திருந்தாள். ஸ்டார் பெண்ணின் முறை வந்தது. திட்டு இருந்த இடத்தைக் காற்றடித்து உலர்த்தி இரண்டு தடவை பார்த்தார். பளபளவென்று இறுகியிருந்தது. முப்பத்திரண்டு பேரில் புதுச் சொத்தை ஒருவருக்கு மட்டும்.

அடுத்த பள்ளிக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டார் டாக்டர். அந்தச் சீட்டையும் நூறு பிரதி எடுக்கச் சொன்னார். அக்கா தயங்கினாள்.

"சார், புது ஸ்கூலுக்குக் கடைசி வரியை எடுத்திடவா?"

"அது இருக்கட்டும்மா. அதைப் படிச்சுத்தான் நீங்க சொன்னதை எல்லாரும் கேட்டிருக்காங்க."

எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் எழுதியது என்று கேட்டால், என் அக்கா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.