நஸீரா தாத்தா விற்க மறுத்த முகங்கள்

நஸீரா தாத்தா இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. போனில் வந்தது. நாங்கள் இருவரும் பல வருடங்கள் வேலை செய்த விடுதியின் இணையப் பக்கத்தில் அந்த மனுஷியின் படத்தைப் போட்டிருந்தார்கள். முகத்துச் சுருக்கங்களை அழித்து, தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சத்தைச் சேர்த்திருந்தார்கள். ‘அவரது கனவைத் தொடர உதவுங்கள்’ என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே, பணம் அனுப்புவதற்கான பச்சைப் பொத்தான்.

நம்பாமல் அவருடைய கெலிஓயா வீட்டுக்கு அழைத்தேன். அவருடைய கணவர்தான் எடுத்தார். அண்ணன் முறையில் அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். “ஓ, தங்கச்சி. விடிய சுபஹு தொழுகைக்குப் பொறகு நெஞ்சு நோவுதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிட்டு. பின்னேரம் அஸர் தொழுகையோட எடுக்கிறோம், வாங்க” என்றார். பின்னால் பெண்கள் ஓதும் சத்தம் கேட்டது. அந்தப் பொத்தானைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டி முடிவதற்கு முன்பே அது வந்துவிட்டது என்பதைத் தாத்தாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இப்போது எழுதுகிறேன். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். அடங்கவில்லை.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. விடுதியில் எல்லோருக்கும் அவர் தாத்தாதான். அம்பிட்டிய ஏற்றத்தில் ஒரு வாடகை வீடு அது. தூரத்துத் தோட்டங்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கண்டிக்கு வரும் பிள்ளைகளும் தாய்மார்களும் ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் இடையில் தங்கிச் சாப்பிட்டுப் போவார்கள். தாத்தா வீட்டைப் பார்த்துக்கொண்டார். நான் அலுவலக வேலையைப் பார்த்தேன்.

அவரைப் பழைய காலத்து மனுஷி என்றும் புதிய முறைகள் பிடிக்காதவர் என்றும் விடுதி நிர்வாகத்தினர் இப்போது பேசித் திரிகிறார்கள். இதைவிடப் பெரிய பொய் கிடையாது. கெலிஓயாவில் நானாவோடு சேர்ந்து கொமியூனிகேஷன் என்கிற போன் கடை நடத்தியவர் அவர். ரீலோட் போடுவதிலிருந்து செத்துப்போன போனை உயிர்ப்பிப்பது வரை தெரியும். விடுதிக்கு இணையப் பக்கம் தொடங்கியவரும் அவர்தான். விடுதிக்காகக் கடை கடையாக ஏறி அரிசியும் பருப்பும் கேட்டு நின்ற காலத்தில், “இதுக்குள்ளயும் நல்ல சனம் இருக்கும்” என்று போனைக் காட்டிச் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

சரியாகத்தான் சொன்னார். முதல் உதவி ஏதோ ஒரு குளிர்நாட்டிலிருந்து வந்தது. அனுப்பியவரின் பெயரைச் சமையலறையில் நின்று சத்தமாக வாசித்தார். “ஆளத் தெரியாது, ஊரத் தெரியாது. நம்மள நம்பி அனுப்பியிருக்காரு. அந்த நம்பிக்கைக்கு நாம பதில் சொல்லோணும்” என்றார். அன்றிரவே பதிலும் எழுதினார். வாங்கிய மெத்தையைப் படம் எடுத்துப் போட்டார். பிறகு சோற்றுப் பானை, வேனின் புது டயர், கழுவிக் காயப்போட்ட போர்வைகள். பிள்ளைகளின் முகத்தை ஒரு நாளும் போட்டதில்லை. நான் ஏனென்று கேட்டபோது, “மொகம் புள்ளட. நம்மட இல்ல” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

பிறகு கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். நிதி திரட்டலைக் கரைத்துக் குடித்தவர் என்று விடுதித் தலைவர் அறிமுகப்படுத்தினார். இளைஞர், மரியாதையானவர். சுவரில் படம் விழுத்திக் காட்டினார். ஒரு பிள்ளை சிரிக்கும் படத்தை ஒரு பகுதியினருக்கும், அதே பிள்ளை ஊசிக்கு அழும் படத்தை இன்னொரு பகுதியினருக்கும் காட்டிப் பார்த்தார்களாம். அழும் படத்துக்குத்தான் மக்கள் நின்றார்களாம், கொடுத்தார்களாம். எந்தப் படம், எந்த நேரம், எந்த நிறப் பொத்தான் என்பதையெல்லாம் இனி மென்பொருளே தீர்மானித்துவிடும் என்றார். இது தன்னுடைய கருத்து இல்லை, மக்களுடைய விருப்பம் என்றும் சொன்னார்.

தாத்தா கதிரையை விட்டு எழும்பவில்லை. “சனங்கள்ட்ட அப்படிக் காட்டிக் கேட்டது நீங்கதானே, மகன்” என்றார்.

ஆலோசகர் அடுத்த படத்துக்குப் போனார். அவர் சொன்ன முறையிலேயே போவது என்று தீர்மானம் நிறைவேறியது.

அவர்கள் தெரிந்தெடுத்தது வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த சிறுமியை. அவளுடைய பெயரை எழுதமாட்டேன். தாய் கொழுந்து பறிக்கிறவர். விடுதிக்கு வந்த நாளில் கொடுத்த தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார். அதையே சம்மதம் என்றார்கள். தாத்தா ஊருக்குப் போயிருந்த ஒரு நாளில் சிறுமியைப் படம் பிடித்தார்கள். நானும் அன்று வங்கி வேலையாக வெளியே போயிருந்தேன். சில நாட்களில் வீடியோ வந்தது. மொட்டைத் தலை, கையில் சேலைன் ஊசி, கண்ணில் நீர். அவள் ஆங்கிலத்தில் கெஞ்சுகிறாள். பிறகு தமிழில், தன்னைச் சாகவிடவேண்டாம் என்று மன்றாடுகிறாள்.

விடுதிச் சமையலறையில் தாய் அதை என் போனில்தான் முதலில் பார்த்தார். யாரோ சொல்லித் தேடி வந்து கேட்டார். முழுவதையும் பார்த்தார். பிறகு தாத்தாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “அக்கா, எம்புள்ளைக்கு இங்கிலீசு தெரியாதுங்க. தமிழ்லயும் அது இப்படிச் சொல்லலீங்க. ஆனா கொரலு அது கொரலுதான்.”

கணினி அந்தக் குரலைச் செய்திருந்தது. சிறுமி ஊசிக்கு முனகியதையும் பொம்மையோடு பேசியதையும் எடுத்துக்கொண்டு, அவள் சொல்லாத சொற்களை அவள் வாயில் வைத்திருந்தார்கள். கண்ணீரிலும் பாதி கணினி செய்தது. தலைவரிடம் கேட்டபோது, நோக்கம் நல்லதுதானே என்றார். அந்த வீடியோவால் எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் தெரியுமா என்றும் கேட்டார். எனக்குத் தெரியும். சமைத்துப் போட்ட தாத்தாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

சிறுமி குணமானாள். மறுபடியும் முடி வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனாள். வீடியோவில் மட்டும் அவள் செத்துக்கொண்டே இருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் அதைக் களவெடுத்துத் தங்கள் கணக்கிலக்கங்களைப் போட்டுப் பரப்பினார்கள். வகுப்பில் பிள்ளைகள் அவளை அந்த ஆங்கிலக் குரலில் கெஞ்சிக் கேலி செய்தார்கள். அவள் பள்ளிக்குப் போக மறுத்தாள். நன்கொடைக் காசை வீட்டில் ஒளித்து வைத்திருப்பதாகத் தோட்டத்து லய வீடுகளில் பேசினார்கள். தாய் மறுபடியும் அம்பிட்டிய ஏற்றம் ஏறி வந்தார். இதை எப்படியாவது நிறுத்தித் தாங்க என்று மட்டும் கேட்டார்.

தாத்தா ஒவ்வொரு பிரதியாகத் தேடித் தேடி அந்தந்த இணையத் தளத்துக்கு முறைப்பாடு போட்டார். எழுதிய கையோடு பதில் வரும். பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை. மனிதர் எழுதிய பதில் இல்லை என்று அதன் வேகத்திலேயே தெரிந்தது. அவர் தாயைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கும் போனார். காவல் நிலையத்தில் ஒருவர் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கி, எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று கேட்டாராம். தாத்தா இதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் விடுதிப் பக்கத்திலேயே தன் முகத்தைக் காட்டிப் பேசினார். அலங்காரமில்லாமல், சமையலறைச் சுவருக்கு முன்னால் நின்றபடி. “இந்தப் புள்ள சொகமா ஈக்கு. வீடியோவுல பேசுறது இந்தப் புள்ள இல்ல, மிசின். எங்கட ஆக்கள்தான் செஞ்சாங்க. இனி இதப் பார்த்து யாரும் சல்லி அனுப்ப வேணாம். புள்ளய விட்டுடுங்க.”

தலைவர் அதை உடனே அழித்தார். மாலையில் தாத்தாவை அழைத்துச் சாவியையும் பக்கத்தின் கடவுச்சொல்லையும் கேட்டார்கள். விடுதியின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். சாவியை மேசையில் வைத்துவிட்டு, “வீடியோவ எடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். சில வாரங்கள் கழித்துச் சத்தமில்லாமல் எடுத்தார்கள். அந்தத் தாயிடம் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாதம் நானும் விலகினேன்.

மனம் உடைந்துதான் செத்தார் என்று சிலர் உருக்கமாகப் பேசுகிறார்கள். அதுவும் பொய். அவர் உடையவில்லை. கோபமாக இருந்தார், நன்றாகச் சாப்பிட்டார், கடையின் ஒரு மூலையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். போனில் ஒரு குழு. தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், முன்பு வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்களில் சிலர். ஒரு தாய்க்கு பஸ் காசு வேண்டும் என்று எழுதுவார். ஒருவர் நேரே அனுப்புவார். பிறகு தாத்தா, அவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதுவார். நிறையச் சேரவில்லை. விடுதியில் சேர்ந்ததற்குப் பக்கத்திலும் வராது. “காணாதுதான், தங்கச்சி. ஆனா ராவைக்கு நித்திர வருது” என்றார் ஒருமுறை.

அடக்கம் நடந்த நாளில் கெலிஓயா வீட்டு முற்றத்தில் அந்தத் தாயைக் கண்டேன். மகள் வரவில்லை, சனக் கூட்டத்துக்குள் வருவதற்கு இன்னும் பயம் என்றார். வேறு பள்ளிக்கூடம் மாற்றியிருக்கிறார்களாம், ஆங்கிலப் பாடத்துக்கு மட்டும் வாய் திறப்பதில்லையாம். சொல்லும்போது அவர் அழவில்லை. நானும் அழவில்லை.

தாத்தாவிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய அன்பு என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நான் வைத்திருப்பது அவருடைய கோபத்தை. யாருக்காகக் கோபப்படவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். குழுவையும் நானா என்னிடம் ஒப்படைத்துவிட்டார். சென்ற வாரம் முதன்முறையாக நான் அதில் எழுதினேன்: ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை முடிந்தது, வீட்டுக்குப் போக வாகனம் வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பிள்ளையின் படத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

முடியாது என்று எழுதினேன். அவர் பதில் போடவில்லை. வாகனத்துக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.