மறைப்புக்கு வெளியே ஒரு மேசை

அம்மா அந்த உணவகத்தில் சாப்பிட்டதால் சாகவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். அங்கே சாப்பிட்டது ஒரு மதியம். இறந்தது பதினான்கு மாதம் கழித்து. காரணம், நுரையீரலுக்குப் பரவிய புற்று. அறிக்கை என்னிடம் இருக்கிறது. சொந்தக்காரர் யார் கேட்டாலும் நகல் தருவேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருக்கிறது.

அம்மா மோட்டார் சுற்றுபவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டியெடுத்து, புதுத் தாமிரக் கம்பியை எண்ணிச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். அப்பா ஆரம்பித்த பட்டறை. அவர் போனதும், "பொம்பளை எத்தனை நாள் ஓட்டுவா?" என்று கேட்டவர்களின் தண்ணீர் மோட்டார்களையும் அம்மாதான் சுற்றினார். அந்த மோட்டார்களுக்குத் தனிக் கவனம். "திரும்பி வரக்கூடாதுடா. மோட்டாரும் சரி, அந்த ஆளும் சரி."

பக்கத்தில் பேரிங் கடை. அதை நடத்தும் பெண் அம்மாவின் ஒரே தோழி. மெதுவாகப் பேச வராது என்பதால் தெருவே அவரை சைரன் என்றது. எனக்கு சைரன் அத்தை. அளவு தவறிய ஒரு பேரிங்கைக் கொடுத்துவிட்டு, உன் மோட்டார்தான் தப்பு என்று அவர் சண்டைக்கு வந்தார். அம்மா அளவுகோலோடு அவர் கடைக்குப் போனார். முப்பது வருடமாகியும் அந்தச் சண்டை முடியவில்லை. தினமும் தேநீரோடு தொடர்ந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் அம்மாவுக்கு நாக்கில் புற்று வந்தது. பாதி நாக்கையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். பிறகு அவர் பேச்சு எனக்கும் சைரன் அத்தைக்கும் மட்டுமே புரிந்தது. இங்கே எழுதுவது எங்கள் காதில் விழுந்தபடி. மெல்ல முடியாது. எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டித்தான் விழுங்க வேண்டும். கூழ் நீர்த்துப்போனால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

நான் ஆலையில் திரவ ஓட்டம் அளக்கும் கருவிப் பொறியாளர். வீட்டிலும் அளந்தேன். ஊசியில்லாத பத்து மில்லி சிரிஞ்சில் கூழை நிரப்பி, பத்து நொடி ஒழுகவிட வேண்டும். எட்டு மில்லிக்கு மேல் மிஞ்சினால் பாதுகாப்பு. அட்டவணை போட்டு குளிர்பெட்டியில் ஒட்டினேன். ஒரு வேளை தவறவில்லை.

அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். கூழ் வாயோரம் வழியும். அதை யாரும் பார்க்கக்கூடாது. விருந்தாளி வந்தால், "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்பார். என் அட்டவணையில் கதவுக்குக் கட்டம் இல்லை. இரண்டு வருடம் நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

அப்போதுதான் ஒருவர் எரிந்துபோன பெரிய அரவை இயந்திரத்தோடு பட்டறைக்கு வந்தார். முக்கியச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த இத்தாலிய உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். கருகியிருந்த விதத்தைப் பார்த்து, நாள் முழுக்க அப்படி எதை அரைக்கிறீர்கள் என்று அம்மா கேட்டார். சைரன் அத்தை அதைத் தெருவுக்கே கேட்கும்படி மொழிபெயர்த்தார்.

"எல்லாத்தையும்தாம்மா. எங்களோடது கிரியேட்டிவ் சமையல். தக்காளியை அரைச்சு வடிகட்டி நுரையாக்குவோம். சீஸைக் களிம்பாக்குவோம். பல்லுக்கு வேலையே இல்லை."

அவர் போனதும் அம்மா வெகுநேரம் கம்பியைச் சுற்றாமல் கையில் வைத்திருந்தார்.

"ஏன்டி, நான் வீட்ல அரைச்சா அது நோயாளிச் சாப்பாடு. அவன் அரைச்சா கிரியேட்டிவா?"

"அவன் தட்டு பெருசுடி," என்றார் சைரன் அத்தை.

"அப்ப வா. பெரிய தட்டுல சாப்பிட்டுப் பார்ப்போம்."

நான் மறுத்தேன். அவர்கள் நுரையின் அடர்த்தி எனக்குத் தெரியாது, மூச்சடைத்தால் யார் பொறுப்பு என்றேன். அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன்கிட்ட அனுமதி கேட்கல. வண்டி ஓட்டுவியா, ஆட்டோ பிடிக்கட்டுமா?"

ஓட்டினேன். ஆனால் அதற்கு முன் இரண்டு காரியம் செய்தேன். சைரன் அத்தையின் கைப்பையில் சிரிஞ்சை வைத்தேன். உணவகத்துக்கு ஃபோன் செய்து, நோயாளி வருகிறார், ஓரமாக மறைப்பு வைத்த மேசை வேண்டும் என்றேன். அம்மாவுக்குக் கூச்சமாக இருக்குமே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கூச்சம் எனக்கு.

உள்ளே போனதும் மேலாளர் பணிவாக எங்களைக் கழிப்பறைக்குப் பக்கத்து மூலைக்கு அழைத்துப்போனார். துணி கட்டிய மரச்சட்டத்துக்குப் பின்னால் ஒரு மேசை. அம்மா நின்றார்.

"இதை யார் கேட்டது?"

நான் தரையைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

அம்மா திரும்பி நடந்தார். கூடத்தின் நடுவில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக இருந்தது. அதன் மேலிருந்த 'முன்பதிவு' அட்டையை எடுத்து மேலாளரின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், அது வேற ஒருத்தருக்கு..."

"அந்த ஒருத்தருக்குத்தான் அங்க ஒரு மேசை ரெடியா இருக்கே," என்று சைரன் அத்தை மூலையைக் காட்டினார். கூடமே திரும்பிப் பார்த்தது.

அம்மா என்னிடம், "நீ வெளிய போய் வண்டியில உட்காரு," என்றார். நான் போகவில்லை. மறைப்புக்குப் பின்னால் நானே உட்கார்ந்தேன். துணிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருந்தது. காதுக்குச் சிரமமே இல்லை. சைரன் அத்தை எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னார்.

பரிமாறுபவர் அத்தையிடம், "அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"என்னை ஏன் கேட்கறீங்க? வாய் அவங்களோடது."

அம்மா மெனு அட்டையில் விரல் வைத்துக் காட்டினார். அத்தை உரக்கப் படித்தார். "தக்காளி, மூன்று நிலைகளில்."

"மூணு ஃபேஸ் கரண்ட் சரி. நியூட்ரல் ஒயர் எங்க?" என்றார் அம்மா. இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தட்டு வந்தது. சிவப்புக் களிம்பு, வெள்ளை நுரை, துளசி இனத்துக் கீரையில் எடுத்த பச்சைச் சாறு. அத்தை சிரிஞ்சை எடுத்தார். பரிமாறுபவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க, ஊசி இல்லை. இவ பையன் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கான்."

அம்மா அதைப் பிடுங்கினார். பச்சைச் சாற்றை அதில் உறிஞ்சி எடுத்து, களிம்பைச் சுற்றி ஒரே சீராக வளையம் வளையமாக வரைந்தார். மோட்டார் சுற்றும் கை. ஒரு கோடும் இன்னொன்றைத் தொடவில்லை. பிறகு சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

மூன்றாவது வாயில் இருமல் வந்தது. கடுமையான இருமல். நான் எழுந்தேன், சட்டம் ஆடியது. அம்மா இந்தப் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தினார். உள்ளங்கை எனக்கு. நில். தாடையை மார்போடு அழுத்தி, இருமி, இரண்டு முறை விழுங்கினார். பச்சைச் சாறு முகவாயில் வழிந்தது. பக்கத்து மேசைப் பெண் தன் நாற்காலியை மறுபுறம் திருப்பிக்கொண்டாள்.

அத்தை வாயைத் திறக்குமுன் அம்மா அவர் கையைப் பிடித்தார். "விடுடி. அவ முதுகு அழகாத்தான் இருக்கு." கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நாலாவது வாயை எடுத்தார். பச்சை மறுபடி வழிந்தது; அத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்தார். அடுத்தடுத்து நான்கு தட்டு. ஒன்றரை மணி நேரம். எழுந்து கிளம்பலாம் என்று அத்தைக்குத் தோன்றியபோதும் அம்மா உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் தலைமைச் சமையல்காரர் வந்து எப்படி இருந்தது என்று கேட்டார். அம்மா சமையலறைப் பக்கம் காதைச் சாய்த்தார். "சாப்பாடு நல்லா இருக்கு. உங்க ரெண்டாவது மெஷின் கரகரங்குது. மோட்டார்ல கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு. எரியறதுக்குள்ள கொண்டு வாங்க."

அதற்குப் பிறகு சமையலறைக் கதவு சாத்தப்படவில்லை. மதியச் சாப்பாடு பட்டறை வாசலில், தெருவைப் பார்த்து, அத்தையோடு. அட்டவணையை நான் கழற்றவில்லை. அது சரியான அட்டவணை. கூழை அளந்து கொடுத்தேன். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை அவர் முடிவு செய்தார்.

சாவு வீட்டில் பெரியம்மா சைரன் அத்தையைக் காட்டி எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டா." அத்தை என்னைப் பார்த்தார்.

"யாரும் கூட்டிட்டுப் போகல பெரியம்மா," என்றேன். "நான் தடுத்தேன். அம்மாவே போனாங்க. தடுத்ததுதான் தப்பு."

பெரியம்மா பேச்சை மாற்றினார். மாட்டுவதற்கு ஒரு பழைய படத்தை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தைய படம். முகம் லட்சணமாக இருக்கும்.

நான் அதை மாட்டவில்லை. அந்த மதியம் ஜன்னலோரத்தில் அத்தை எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். அம்மா கரண்டியும் கையுமாக இருக்கிறார். முகவாயில் பச்சை. வீட்டுக்குள் இல்லை, பட்டறையின் முன்சுவரில், தெருவில் போகிறவர் கண்ணுயரத்தில் மாட்டினேன். நான்கு திருகு. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.

பேரிங் கடையிலிருந்து அத்தை கத்தினார். "டேய், கோணலா இருக்குடா!"

"படம் நேராத்தான் இருக்கு அத்தை. வாய்தான் கோணல்."

"அப்ப சரி. விடு."