எட்டு மாதம் தூங்கும் மெஷின்

ஏப்ரல் பிறந்தால் கனடாவில் எங்கள் தெருவில் ஒரு கூத்து நடக்கும். குளிர்காலம் முழுக்க வாசல் பனியை அள்ளி எறிந்த ஸ்னோ ப்ளோயர் மெஷினைக் குளிப்பாட்டித் துடைத்து, எண்ணெய் விட்டு, போர்த்திப் படுக்கவைப்பார்கள். நாலு மாதம் உழைத்துவிட்டு எட்டு மாதம் தூங்கும் சோம்பேறிக்கு இவ்வளவு உபசாரம்! கடலூர் டவுன் பஸ்ஸுக்கு இதில் கால்வாசி கவனிப்பு கிடைத்திருந்தால், திருப்பாதிரிப்புலியூரில் இறங்கித் தள்ளும் வேலை எங்களுக்கு இருந்திருக்காது. முதல் பனியில் கையை விரித்துப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பும் நம் ஆட்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்தப் பனியை அள்ளுவதுதான் என் பிழைப்பு.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெஷின் பாடம் படித்தது கடலூர்ப் பக்கம் கடலோரக் கிள்ளையில், என் மனைவியின் தம்பியுடைய டீசல் படகில். "டேங்க்க காய வுடாத மாமா. காத்து பூந்துடுச்சின்னா நடுக்கடல்ல நீதான் நீந்தணும்" என்பான். அந்தப் புத்தியில், போன ஏப்ரலில் இந்த மெஷினுக்கும் கழுத்துவரை பெட்ரோல் ஊற்றி மூடிவைத்தேன். எட்டு மாதத்தில் அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிட்டது. முதல் பனியன்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். என்னை நம்பிய வீட்டுக்காரர்கள் காரை வெளியே எடுக்க முடியாமல் நின்றார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள், சிரித்துக்கொண்டே. இங்கே கழுத்தை அறுக்கும்போதும் சிரிப்பார்கள்.

இந்த முறை பக்கத்து வீட்டு டேவைக் கேட்டேன். "பெட்ரோல் தீரும்வரை ஓடவிடு. தானாகச் சாகட்டும்" என்றான். நல்ல மெஷினைப் பார்த்துச் சொல்லும் சொல்லா அது? "செத்தது திரும்பப் பிழைக்குமா?" என்றேன். பிழைக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றான், மடையன்.

ஆயிலை மாற்றினேன். பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு கடல் உப்பைப் போலவே இரும்பைத் தின்னும். அதைக் கழுவித் துடைத்தேன். பிறகு ஸ்டார்ட் செய்து, டேங்க் காய்வதைப் பார்த்தபடி நின்றேன். கை தானாகப் பெட்ரோல் கேனுக்குப் போக, இழுத்துக்கொண்டேன். தாங்காமல் மச்சானுக்குப் போன் போட்டேன். இங்கே சாயங்காலம், அங்கே அவன் கடலுக்குக் கிளம்பும் விடிகாலை.

"என்னா மாமா, அங்கயும் படகு வாங்கிட்டியா? சத்தம் நல்லாருக்கே!"

"டேங்க்க காய வுடுறேன் மச்சான்."

"அறிவு இருக்கா? வெளிநாடு போயி இருந்த புத்தியும் பூடுச்சா? ஊத்து மொதல்ல!"

நான் ஊற்றவில்லை. மெஷின் இரண்டு முறை விக்கி அடங்கியது. அந்த அமைதியில், போனுக்குள், கிள்ளையில் அவன் என்ஜின் உயிர்பிடித்தது.

"கேக்குதா மாமா? இப்டி இருக்கணும்!" என்று கத்தினான்.

அந்த என்ஜினைக் காதில் வைத்துக்கொண்டு, சூடு ஆறாத இந்த மெஷின்மேல் மறு கையை வைத்தபடி நின்றேன். அடுத்த பனிவரை இது தூங்கும். எனக்குத்தான் தூக்கமில்லை.