சகலை சுட்ட கோழி

என் சகலையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அவனிடம் பிடிக்காதது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் வருவதற்கு முன்பு எங்கள் குடும்பத்தில் நெருப்புப் பக்கம் நிற்பவன் நான்தான். காணும் பொங்கலுக்கு ஓரிக்கையில் பாலாற்று மணலில் உட்கார்ந்து கோழி சுட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். செங்கல் அடுக்கி, கம்பி வலை போட்டு, கையில் இடுக்கியோடு நிற்பேன். எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரவேண்டும். மற்ற நாட்களில் யாரும் தேடி வராத ஒருவனுக்கு அது சின்ன விஷயமில்லை. கோழி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒப்பிட்டுப் பேச வேறு கோழி அப்போது இல்லை.

போன வருஷம் அவன் மூடி போட்ட கறுப்பு அடுப்பு ஒன்றை வண்டியிலிருந்து இறக்கினான்.

"ரெண்டு அடுப்பும் எரியட்டும்ணா. உங்களுக்கும் வேல கொறையும்" என்றான். எவ்வளவு பணிவு பாருங்கள்.

நான் கொட்டாங்குச்சியையும் கரியையும் கொட்டிச் சூடத்தைக் கொளுத்திப் போட்டேன். தீ முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. எழுந்த சூட்டோடு ஐஸ் பெட்டியிலிருந்து கோழியை எடுத்து வலையில் பரப்பினேன், இடைவெளியே இல்லாமல். அவனோ கரியைப் பற்றவைத்துவிட்டு, தன் கோழியை எடுத்து நிழலில் வைத்துவிட்டு, என் மகளோடு கதை பேசிக்கொண்டிருந்தான். கரி முழுக்க வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை கிட்டேயே போகவில்லை. சோம்பேறி என்று நினைத்தேன்.

"அவரு இன்னும் வெக்கவே இல்ல. நீங்க இன்னாத்துக்குங்க இப்டி பறக்கறீங்க?" என்றாள் என் மனைவி.

என் தொழிலைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். பிள்ளையார்பாளையத்தில் நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். கொதிக்கிற சாயத்தில் நூலைக் கோலில் மாட்டி முக்கி, தூக்கி, திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நிமிஷம் சும்மா விட்டால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிடும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. டீ குடித்தால்கூட டம்ளரைச் சுற்றிக்கொண்டேதான் இருப்பேன். கோழியையும் அப்படித்தான் விடாமல் திருப்பினேன். தோல் கம்பியில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. மசாலா உதிர்ந்து நெருப்பில் விழுந்து புகைந்தது. வெந்துவிட்டதா என்று கத்தியால் கீறிப் பார்த்ததில், உள்ளே இருந்த சாறும் வடிந்து போயிற்று.

"அத்த தொடாம வுடுங்கண்ணா. வெந்துச்சுன்னா அதுவே கம்பிய வுட்டுடும். அப்புறம் ஒரே ஒருவாட்டி திருப்பினா போதும்" என்றான் அவன்.

"எனுக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

அவன் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தான். சூடான பக்கத்தில் கோழி சிவந்ததும் கரி இல்லாத பக்கத்துக்குத் தள்ளி மூடியைப் போட்டான். எடுத்த பிறகும் உடனே வெட்டவில்லை, கொஞ்சம் ஆறட்டும் என்றான். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த என் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி அவனிடம் போனாள். எலும்பைச் சப்பிச் சாப்பிட்டாள்.

"இன்னொரு பீஸ் இருக்குதா தம்பி?"

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் இன்னொரு துண்டு கேட்டதே இல்லை. நான் சுட்டது வெளியே கரியாகவும் எலும்போரம் சிவப்பாகவும் இருந்தது. ஆற்றங்கரை நாய்கள் சாப்பிட்டன. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்துச் சொல்ல விருப்பமில்லை.

வருஷம் முழுக்க வீட்டில் அந்தக் கோழிப் பேச்சுதான். அடுத்த காணும் பொங்கலுக்கு அவள் அந்த இன்னொரு துண்டை என்னிடம் கேட்கவேண்டும் என்று முடிவு செய்தேன். அவளும் மகளும் வாலாஜாபாத்தில் என் மாமியார் வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டினேன். கரி வெளுக்கும்வரை காத்திருந்தேன். கோழியை வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கை துடித்தது. மாடியை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து இடுக்கியால் தொட்டால், கோழி தானாகவே கம்பியை விட்டிருந்தது. அவன் சொன்னது சரி என்று தெரிந்ததும் அவன்மேல் எரிச்சல் இன்னும் கூடியது.

இந்தப் பொங்கலுக்கு அவனுக்கு ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், வரவில்லை. அவனுடைய சூப்பர்வைசர் மகராசனாக இருக்கட்டும். ஆற்று மணலில் நான் ஒருவன்தான் நெருப்புக்கு முன்னால். எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஒரே ஒருவாட்டி திருப்பினேன். தோல் கிழியவில்லை. ஆறவிட்டு என் மனைவியின் தட்டில் முதல் துண்டை வைத்தேன். அவள் தின்றாள். எலும்பைச் சப்பினாள். தட்டை நீட்டினாள்.

"இன்னொரு பீஸ் வைங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வைத்தேன். ஒரு வாய் கடித்துவிட்டு, "அப்டியே தம்பி சுட்ட மாதிரியே இருக்குதுங்க" என்றாள்.

மகள் அதற்குள் செல்போனில் அவனை வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். "சித்தப்பா, அப்பா உங்கள மாதிரியே சுட்டுக்கினு இருக்காரு!"

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சந்தோஷம், அதில் கள்ளமே இல்லை. "சூப்பர்ணா! நான் சொன்ன மாதிரியே தொடாம வுட்டீங்களா?"

வலையில் இன்னும் நாலைந்து துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. நான் இடுக்கியை எடுத்து அவற்றைத் திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். தோல் கிழிய ஆரம்பித்தது. கிழியட்டும், இதாவது நான் சுட்டதாக இருக்கட்டும் என்று திருப்பிக்கொண்டே இருந்தேன்.