கழிவுக் குழாயில் ஒரு முடிச்சு

நாள் முழுக்க ஊரார் வீட்டு மின்சார மீட்டரில் எண் பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் மீட்டர்காரர். வீட்டுக்கு வந்தாவது சும்மா இருப்பாரா? சட்டையைக் கழற்றுமுன்பே மீன் தொட்டிக்குப் பிடித்த தண்ணீரில் இன்னொரு மீட்டரை நனைத்து உப்பின் அளவைப் பார்க்க வேண்டும். இவரை என்னவென்று சொல்வது!

தொட்டியில் இரண்டு டிஸ்கஸ் மீன்கள், சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக. குழாய்த் தண்ணீரின் உப்பு அவற்றுக்கு ஆகாது, முட்டையிட்டாலும் பொரியாது. அதற்காகவே பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில், உப்பைப் பிரித்துக் கழிவுக் குழாயில் தள்ளும் ஓர் ஆர்.ஓ. கருவி. அதன் வடிகட்டிகளை மாற்றும் நாளில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதவிசு அவரிடம் வந்துவிடும்.

மாமனார் வந்து இரண்டு மாதம். நாற்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். மாமியார் இறந்த பிறகு, மகள்தான் விடாப்பிடியாக அழைத்து வந்தாள். மனிதர் தாமரை இலைத் தண்ணீராகவே இருந்தார். சட்டைகள் இன்னும் பைக்குள்ளேயே. வாயைத் திறந்தால் "உங்க வீடு, உங்க வீடு". எந்த நேரம் கிளம்பிவிடுவாரோ என்று மகள் அந்தப் பையை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

இந்த லட்சணத்தில், உப்பு மீட்டரில் எப்போதும் முப்பது காட்டும் தண்ணீர் ஒரு நாள் நூற்றெண்பது காட்டியது. மீன்கள் அன்றுதான் முட்டையிட்டிருந்தன. மீட்டர்காரர் வடிகட்டிகளை மாற்றினார், உள்ளே இருக்கும் சவ்வையே மாற்றினார். எண் இறங்குவேனா என்றது. மூன்றாம் நாள் முட்டைகள் எல்லாம் வெளுத்துப் போயின. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி தொட்டிக்கடியில் கையை விட்டுத் துழாவியபோது கழிவுக் குழாய் தட்டுப்பட்டது. அதை மடக்கி, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தது. பிரித்த உப்புக்கு வெளியேற வழியே இல்லை. முடிச்சைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. லாரிக் குழாயைக் கட்டுகிற முடிச்சு.

நிமிர்ந்தால், மாமனார் கையில் பையோடு நிற்கிறார்.

"நான்தான் மாப்ள கட்டுனேன். ஒரு குடம் மீனுக்குன்னா மூணு குடம் சாக்கடைக்குப் போகுது. ஒரு குடத்துக்கு ஜனங்க அடிச்சுக்கிட்டதப் பாத்தவன் நான். மனசு கேக்கல." பையை மறு கைக்கு மாற்றினார். "உங்க வீட்டுக்கு என்னால நஷ்டம்தான். நான் கெளம்பறேன்."

மீட்டர்காரருக்குக் கோபம் இருந்தது, இல்லாமல் என்ன? ஆனால் இந்த வீட்டில் எதிலுமே ஒட்டாதவர் ஒரு குழாய்க்காகவாவது மனசு கேட்காமல் குனிந்திருக்கிறாரே என்று நினைத்ததும் நெஞ்சு இளகிவிட்டது.

"எத்தனை வருஷமா அந்தத் தண்ணி வீணாப் போகுது, எனக்குத் தோணவே இல்ல மாமா. பையைக் கீழ வைங்க. அதப் பிடிக்க ஒரு டிரம் வாங்குவோம். எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

டிரம் வந்தது. மாமனார் அந்தத் தண்ணீரில் தரை துடைத்தார், படிக்கட்டைக் கழுவினார், பக்கத்து வீட்டு வண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. தினமும் காலையில் மீட்டரை நனைத்து, எண்ணை நாட்காட்டியில் குறிப்பதும் அவர் வேலையாயிற்று. குறிப்பதோடு விடுவாரா, மருமகனைப் போனில் கூப்பிட்டுச் சொல்லவும் வேண்டும்.

ஆறு வாரம் கழித்து மீன்கள் மறுபடி முட்டையிட்டன. மூன்றாம் நாள் மாலை மீட்டர்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே மாமனார் பழைய லாரிக் கூட்டாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"குஞ்சு பொரிச்சிருக்குப்பா. அம்பதுக்கு மேல இருக்கும். எங்கயா? நம்ம வீட்டுலதான்."

சமையலறையில் மகள் குழாயை மூடிவிட்டுக் காதுகொடுத்தாள். மீட்டர்காரர் ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டார்.