மணல் மூட்டைக்கு என் மகள் விட்ட காது

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மறதியும் உண்டு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகலூரில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். வீட்டுக்காரர் இல்லை. பிந்திப் பிறந்த ஒரே மகள் டாக்டருக்குப் படிக்க உக்ரைன் போனாள். சுமி என்ற ஊர். தனியாக இருந்த ஓர் அம்மாள் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ரஷ்யப் படை ஊரைச் சுற்றி வளைத்ததும் இருவரும் வீட்டின் அடியறைக்குள் போய்விட்டார்கள்.

ஊரை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று தெருக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கினார்களாம். வாய்வரை நிரப்பியதால் தூக்க முடியவில்லையாம். என் மகள், நாங்கள் காப்பி மூட்டைக்குச் செய்வதுபோல, குறைத்துக் கொட்டி, வாயைத் தைத்து, பிடித்துத் தூக்க இரு முனையிலும் காது விட்டுக் கொடுத்திருக்கிறாள். போனில் காட்டினாள். அந்த அம்மாள் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. குண்டு விழும் ஊரில் பிள்ளை இருக்கும்போதும் எனக்கு அந்த எரிச்சல். இங்கே கோணி ஊசியைக் கையில் கொடுத்தால், "படிக்கோணும்மா" என்று எழுந்து போய்விடுவாள். எனக்காக ஒரு மூட்டை தைத்தவள் இல்லை. உடன் இருந்து பார்த்த பக்கத்துத் தோட்டத்துக்காரி வேறு, "ஏனுங்க, உங்க புள்ளைக்கு அங்கயும் ஒரு அம்மா கெடைச்சுட்டாங்களாட்ட இருக்குது!" என்று சிரித்தாள்.

பிறகு நம் நாட்டுப் பிள்ளைகளை அழைத்துவரப் பஸ் வந்தது. இவள் ஏறமாட்டேன் என்றாள்.

"இவங்களையும் கூப்புட்டேம்மா. ஊட்ட உட்டுட்டு வரமாட்டேங்குறாங்க. தனியா எப்புடி உட்டுட்டு வர்றது?"

"நான் மட்டும் இங்க தனியா இல்லியா சாமி?"

"உங்க தலைமேல யாரும் குண்டு போடலீங்களே!"

புது ஆட்கள் முன் எனக்கு வாயே வராது. அன்று, "அந்தம்மாகிட்டக் குடு" என்றேன். முகத்தைப் பார்த்ததும் நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. "எம் புள்ளைய அனுப்பிச்சு உட்டுருங்க" என்று கும்பிட்டேன். தமிழ் அவருக்கு எங்கே தெரியும்? ஆனாலும் தலையை ஆட்டினார். தன் கம்பளிக் கோட்டை மகளுக்கு மாட்டி, அவரே கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பஸ்ஸில் ஏற்றினாராம்.

அந்தக் கோட்டோடுதான் மகள் வந்து இறங்கினாள். கட்டிக்கொண்டபோது அதில் வேறொரு வீட்டு வாசம். மறுநாளே துவைத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் படை விலகி ஊர் தப்பியது என்று கேட்டதும் விம்மி அழுதாள். வீட்டுக்கு வந்த அன்று அப்படி அழவில்லை.

பஸ் வந்ததும் படை விலகியதும் எந்தெந்த நாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். மகளிடம் கேட்க மனமில்லை. கேட்டால் அந்த அம்மாளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.