நான் எழுதிய பாட்டை முனிராஜ் பாடினான்

எங்கள் ராக் பேண்டின் ஒரே ஆல்பம் ஹிட்டான பிறகுதான் சண்டை வந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வரிசை தவறு. சண்டை ஆடியில், ரெக்கார்டிங்கிலேயே தொடங்கிவிட்டது. ஆல்பம் கார்த்திகையில் வந்தது. மாசியில் பேண்ட் இல்லை. பேண்டின் பாடகன் நான். நாள் குறித்து வைக்கிறவனும் நான்தான்.

1. தொண்டை

தருமபுரியில் பழனியண்ணன் ஸ்டுடியோவில் அம்மன் பாட்டுகளுக்கும் தேர்தல் பிரச்சாரத்துக்கும் நடுவே எங்களுக்கு நேரம் கிடைத்தது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று எடுக்க வேண்டியது 'கடைசிப் பொட்டி'. மொரப்பூரில் ரயிலைத் தவறவிட்டவனின் பாட்டு. வரியும் மெட்டும் என்னுடையவை.

ரெக்கார்டிங்கில் முதலில் ஒருவர் கிடாரோடு ஒப்புக்குப் பாடி வைப்பார். அதற்கு ட்ராக் என்று பெயர். அதைக் கேட்டு மற்ற வாத்தியங்களை வாசிப்பார்கள். பிறகு பாடகன் முறையாகப் பாடியதும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். அன்று ட்ராக் பாடியவன் எங்கள் டிரம்மர் முனிராஜ். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். சங்கீதம் படித்தவன் இல்லை.

அடுத்த வாரம் நான் பாடினேன். சுருதி கச்சிதம். பழனியண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது குமாரு. ஆனா..."

"ஆனா என்னாங்கண்ணா?"

"நீ பாட்டு பாடுற. அவன் ரயில வுட்டுட்டு நிக்கிறான்."

கிடார் வாசிக்கும் தினேஷ் அதற்காகவே காத்திருந்தவன்போல், "மச்சி, கோச்சுக்காத. ட்ராக்கையே வெச்சுக்கலாம்" என்றான்.

"அவனுக்கு ழ வராதுடா!"

"ரயில வுட்டவனுக்கு ழ எதுக்குடா?"

எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கி முடிவு செய்தோம். தினேஷும் பேஸ் கிடார் அருணும் ட்ராக் பக்கம். பழனியண்ணனும் கையைத் தூக்கினார். எனக்காகத் தூக்கிய ஒரே கை முனிராஜுடையது. "நானு சும்மா பாடுனதுங்கண்ணா, அழிச்சிருங்க" என்றான். அவன் அடம்பிடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவாவது செய்திருப்பேன்.

2. மேடை

ஆல்பத்தில் பத்துப் பாட்டு. ஒன்பதில் என் குரல். பஸ்களில் ஓடியது பத்தாவது.

சேலத்தில் ஒரு கல்லூரி நிகழ்ச்சி. அந்தப் பாட்டுக்காக முனிராஜ் முன்னால் வந்தான். டிரம்ஸில் அருண் உட்கார்ந்தான். அருணின் பேஸ் லேப்டாப்பிலிருந்து வந்தது. லேப்டாப்புக்கும் வேலை இருந்தது. எனக்கு இல்லை. ஓரமாக நின்று கை தட்டினேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்:

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க! அவரு தெரியல!"

தள்ளி நின்றேன்.

திரும்பும் வேனில், "இனிமே அந்தப் பாட்டு வேணாம்" என்றேன்.

"அதுக்குத்தான்டா கூப்புடுறாங்க" என்றான் தினேஷ்.

"அப்ப நான் எதுக்கு?"

"கை நல்லாத்தான தட்டுன. அதையே பண்ணு."

தொப்பூர் டோல்கேட்டில் இறங்கிவிட்டேன். பின்னாலேயே முனிராஜ் ஓடி வந்தான்.

"பைய வுட்டுட்டுப் போறியேடா. வா, வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

பையை வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

3. கலைந்தது

மறுவாரம் தினேஷ் முனிராஜையே பாடகனாக வைத்துக் குழுவை நடத்தப் பார்த்தான். முனிராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "குமாரு இல்லாம நான் பாட மாட்டன்" என்று சொல்லிவிட்டு, நல்லம்பள்ளியில் அப்பாவின் தக்காளித் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான். ஆகவே நான் விலகியதால் பேண்ட் கலையவில்லை. அவன் பாட மறுத்ததால் கலைந்தது. அதிலும் அவன் பேர்தான்.

இப்போது நானும் பழனியண்ணன் ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் வேலை பார்க்கிறேன். ஆல்பம் எடுக்க வரும் புதுக் குழுக்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தக் குரல் நன்றாக இருக்கிறதோ அதையே வையுங்கள். பழனியண்ணன் அன்று சொன்னது சரி. ஆனால் பாட்டைப் பறிகொடுத்தவன் கையில் அன்றைக்கே ஒரு வாத்தியத்தைக் கொடுங்கள். மேடையில் சும்மா நிற்கிறவனுக்கு அடுத்தவன் குரல் மிகத் தெளிவாகக் கேட்கும்.